பிராக் நாட்குறிப்பு: சினகாக் துணிகளைத் தேடி

நவம்பர் 4, வெள்ளி. பிராக்

மகள் ஜெர்மனியில் டிரெஸ்டனில் வேலை பார்க்கிறாள். நான் அவள் வீட்டுக்கு வந்ததிலிருந்தே "உனக்கு எங்கம்மா போகணும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பாரிஸ், சுவிட்சர்லாந்து என்று ஏதாவது சொல்வேன் என எதிர்பார்த்திருப்பாள். செக் நாட்டில், பிராகில் யூத அருங்காட்சியகம் இருக்கிறதே, அங்கே கூட்டிப் போ என்றேன். கும்பகோணத்தில் ஆரி வேலை சொல்லிக்கொடுக்கிறவள் நான். யூதர்கள் தொழும் இடமான சினகாக்கில் வேதச் சுருளுக்கு உடுத்தும் துணியையும் அதன் முன்னால் தொங்கும் திரையையும் படத்தில் பார்த்ததிலிருந்து, இதை ஒரு நாள் நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று இருந்தது.

டிரெஸ்டனிலிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரம். இறங்கியதும் தூறல். குளிர் ஏழு டிகிரி என்று போனில் காட்டியது. காற்றோடு சேர்ந்து இன்னும் குறைவாகத்தான் உறைத்தது.

சில்லறைக்காக வழியில் ஒரு பணம் மாற்றும் கடையில் 100 யூரோ கொடுத்தோம். "கமிஷன் இல்லை" என்று பெரிதாக எழுதியிருந்தார்கள். கைக்கு வந்தது 1,700 கொருனா சொச்சம். வெளியே டிராமுக்கு நின்றிருந்த ஒரு அம்மா எங்கள் முகத்தையும் ரசீதையும் பார்த்துவிட்டுத் தானாக வந்து பேசினார். 2,400 வந்திருக்க வேண்டும், மூன்று மணி நேரத்துக்குள் போனால் மாற்றியதை ரத்து செய்து பணத்தைத் திரும்ப வாங்க உரிமை உண்டு, 2019இலிருந்தே சட்டம் இருக்கிறது என்றார். அதோடு விடவில்லை. தன் டிராமைப் போகவிட்டு எங்களோடு கடைக்குள் வந்து செக் மொழியில் நாலு வார்த்தை பேசினார். உள்ளே இருந்த ஆள் மறுபேச்சில்லாமல் நூறு யூரோவை எடுத்துக் கொடுத்துவிட்டார். நன்றி சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மா அடுத்த டிராமில் ஏறிவிட்டார்.

நாலரைக்கெல்லாம் இருட்டிவிட்டது. வெள்ளிக்கிழமை சூரியன் இறங்கினால் யூதர்களுக்குச் சபாத் என்னும் வார ஓய்வு நாள் தொடங்கிவிடும், நாளை முழுக்க அருங்காட்சியகத்தின் எல்லாக் கட்டடங்களும் பூட்டிக் கிடக்கும். அது தெரிந்துதான் ஞாயிற்றுக்கிழமையை அதற்கென்று வைத்திருந்தோம். ராத்திரிக்கு உருளைக்கிழங்கு சூப், கம்பு ரொட்டி. சூப்பில் காய்ந்த காளான் வாசனை தூக்கலாக இருந்தது. 90 கொருனா, நம் காசில் முந்நூறு ரூபாய். அந்தக் குளிருக்கு அது தேவாமிர்தம்.

நவம்பர் 5, சனி. பிராக்

நாள் முழுக்க மழை. பாலம், கோட்டை, கடிகாரம் எல்லாம் பார்த்தோம். அவற்றைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

யோசெஃபோவ் என்னும் பழைய யூதர் பகுதியை வெளியிலிருந்து ஒரு சுற்றுச் சுற்றினோம். இருட்டுச் சந்துகளும் சாய்ந்த வீடுகளும் இருக்கும் என்று நினைத்தால் அகலமான சாலையும் ஆறு மாடி அலங்காரக் கட்டடங்களுமாக நிற்கிறது. 1896 வாக்கில் தொடங்கி அந்தப் பழைய குடியிருப்பை இடித்துத் தள்ளிவிட்டார்கள். ஆறு சினகாக், ஒரு மயானம், ஒரு நகர மன்றம் மட்டும் தப்பின. தப்பியவற்றைச் சுற்றி இப்போது கைப்பை, கடிகாரக் கடைகள். ஒரு கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கழுத்துத் துண்டின் விலைச்சீட்டை மகள் படித்துச் சொன்னாள், ஊரில் ஒரு முகூர்த்தப் பட்டு எடுத்துவிடலாம்.

பழைய-புதிய சினகாக் என்றே ஒன்றுக்குப் பெயர். அதன் வாசலில் கறுப்புக் கோட்டும் தொப்பியுமாகச் சில ஆண்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுவன் தகப்பன் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினான். அந்தக் கட்டடத்தில் தொழுகை இன்றும் நடக்கிறது என்பதைப் படித்திருந்தேன், கண்ணால் பார்த்தபோது சந்தோஷமாக இருந்தது.

தெருவில் உருளையில் சுற்றிச் சுடும் சர்க்கரை ரொட்டி 100 கொருனா. கையைச் சூடாக்கிக்கொள்ள நல்லது. மதியம் பொரித்த பாலாடைக்கட்டி, உருளைக்கிழங்கோடு. மகளுக்குப் பிடித்தது, எனக்குப் பாதியிலேயே திகட்டிவிட்டது.

நவம்பர் 6, ஞாயிறு. பிராக்

ஒன்பது மணிக்குக் கதவு திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போனோம். எல்லாக் கட்டடங்களுக்குமான சீட்டு ஐந்நூறு கொருனாவுக்குப் பக்கம். கொஞ்சம் அதிகம்தான். ஆனால் கொடுத்த காசுக்கு மேலேயே கண்ணுக்குக் கிடைத்தது.

முதலில் மைசல் சினகாக். மொர்தெகாய் மைசல் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபுக்கே பணம் கொடுத்த செல்வந்தர், யூதர் ஊரின் தலைவர். 1592இல் கட்டி முடித்த தன் சினகாக்குக்கு அவர் கொடுத்த திரைச்சீலை இன்னும் இந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. 1601இல் அவர் இறந்ததும் சொத்தை அரசு எடுத்துக்கொண்டது. 1689 தீயில் கட்டடமும் எரிந்தது, இப்போது நிற்பது திரும்பக் கட்டி மாற்றியது. இத்தனைக்கும் நடுவில் ஒரு துணி நானூறு வருஷம் பிழைத்திருக்கிறது என்பதை நினைத்தாலே எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

இந்தத் துணிகள் எங்கே, எதற்கு என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சினகாக்கில் சிலை இல்லை, படம் இல்லை. எருசலேமை நோக்கிய சுவரில் ஒரு பேழை, அதற்குள் கையால் தோலில் எழுதிய, தோரா என்னும் வேதத்தின் சுருள்கள். பேழைக்கு முன்னால் தொங்குவது பரோகெத் என்னும் திரைச்சீலை. நம் கோயிலில் அலங்காரம் நடக்கும்போது சந்நிதியில் போடுவார்களே, அந்தத் திரை போல. நம் திரை கொஞ்ச நேரம்தான் மூடியிருக்கும். அவர்களுடையது எப்போதும் மூடியே இருக்கும், சுருளை எடுக்கும் நேரத்தில் மட்டும் விலகும். அதன் தலைப்பில் குட்டையாக இன்னொரு தொங்கல் துணி உண்டு, கப்போரெத் என்கிறார்கள். விளிம்பு அலை அலையாக வெட்டியிருக்கும். அதில் தைத்திருப்பது எருசலேமில் இருந்த பழைய ஆலயத்தின் பலிபீடம், விளக்குத்தண்டு, கூடவே மூன்று கிரீடங்கள்: ஒன்று தோராவுக்கு, ஒன்று குருமாருக்கு, ஒன்று அரசருக்கு.

சுருளுக்கும் உடை உண்டு. இரண்டு உருளையையும் சேர்த்து முதலில் நீளமான நாடாவால் சுற்றிக் கட்டுவார்கள். அதன் மேல் வெல்வெட்டிலோ பட்டிலோ ஒரு அங்கி. உருளைக் காம்புகள் வெளியே வர அங்கியின் உச்சியில் இரண்டு துளை. அதற்கும் மேல் வெள்ளித் தகடும் கிரீடமும், படிக்கும்போது தோலில் விரல் படாமல் இருக்க ஒரு வெள்ளிச் சுட்டுகோலும். கொச்சி மட்டாஞ்சேரி சினகாக்குக்குப் போனவர்கள் அங்கே சுருள்கள் கெட்டியான உறைப்பெட்டிக்குள் நிற்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது கிழக்கத்திய யூதர் வழக்கம். துணி உடுத்துவது ஐரோப்பியர் வழக்கம்.

உள்ளே வெளிச்சம் குறைவு. சாயம் வெளுக்காமல் இருக்கத் துணிகளை 50 லக்ஸ் அளவில்தான் வைப்பார்கள். கண் பழகக் கொஞ்ச நேரம் ஆனது. பழகியதும் ஒரு திரை முன்னால் நின்றவள் நகரவில்லை. நடுவில் நல்ல பட்டால் ஒரு சதுரம், இரண்டு பக்கமும் தூண், மேலே எழுத்து. பிராக் திரை என்றாலே இந்த அமைப்புதான். பெர்ல்ஷ்டிக்கர் என்ற குடும்பம் 16ஆம் நூற்றாண்டில் முத்துத் தையலுக்கு இங்கே பேர்போனது.

எழுத்துத் தையலைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுதலாம். தங்க ஜரிகையைத் துணிக்குள் விட்டு எடுக்கவில்லை. விட்டால் வெல்வெட் கிழியும், ஜரிகையும் வீணாகும். எழுத்தின் வடிவத்தை அட்டையில் வெட்டி வைத்து, அதன் மேல் ஜரிகையைக் குறுக்கே கிடத்தி, இரண்டு ஓரத்திலும் மெல்லிய பட்டு நூலால் பிடித்துப் பிடித்துத் தைத்திருக்கிறார்கள். ஓர் எழுத்தின் முனையில் நாலைந்து இழை அறுந்து சுருண்டு நின்றது. அந்த இடைவெளியில் பழுப்பு அட்டையின் ஓரம் தெரிந்தது. பிடித்த நூல் மஞ்சள். தங்கத்துக்கு அடியில் மஞ்சள் நூல் போட்டால் தேய்ந்த பிறகும் நிறம் காட்டிக்கொடுக்காது. அந்தக் கையை நான் விழுந்து கும்பிடுவேன். எபிரேய எழுத்து நேர்க்கோடும் முனையுமாக இருப்பதால் அட்டை ஒத்துவருகிறது. நம் எழுத்தின் வளைவுக்கு அட்டையை விடக் கயிறு வைத்துத் தைப்பதுதான் சரிப்படும் என்று மகளிடம் சொன்னேன். அவள் அதைக் குறித்துக்கொண்டாள்.

பூப்போட்ட பட்டில் செய்த இன்னொன்றில் நடுவே ஒட்டு மேல் ஒட்டு. உற்றுப் பார்த்தால் ஒரு பக்கத்தில் இடுப்புச் சுருக்கம் பிரித்த தடம் வரிசையாக இருந்தது. யாரோ ஒரு பெண் உடுத்திய கவுன். விலை உயர்ந்த உடைகளைப் பிரித்துச் சினகாக்குக்குத் திரை தைத்துக் கொடுப்பது இங்கே சாதாரணமாக நடந்திருக்கிறது. கொடுத்தவர் பெயர், தகப்பன் பெயர், மனைவி பெயர், அவள் தகப்பன் பெயர், ஆண்டு எல்லாம் மேலே ஜரிகையில். நூறு வருஷம் கழித்து யாராவது பழுதுபார்த்தால் அவர் பெயரும் அதிலேயே ஏறும். துணி நைந்துபோனாலும் தூக்கி எறிய மாட்டார்கள். புனிதத்தில் ஏறலாம், இறங்கக் கூடாது என்பது அவர்கள் விதி. பேழையை விற்ற காசில் சுருளுக்கு உடை வாங்கலாம், உடையை விற்றுப் பேழை வாங்கக் கூடாது. இனி எதற்கும் ஆகாது என்றால் பழைய ஏடுகளோடு சேர்த்து ஒதுக்கி வைப்பார்கள், அல்லது புதைப்பார்கள். செக் நாட்டின் பொஹீமிய, மொராவியப் பகுதி ஊர்களில் சினகாக் பரண்களிலிருந்து அப்படி ஒதுக்கிய துணித் துண்டுகள் எத்தனையோ கிடைத்திருக்கின்றன.

மதியத்துக்கு மேல் கிளவுசன் சினகாக். அங்கே நாடாக்களைப் பற்றித் தெரிந்துகொண்டதைத்தான் இந்தப் பயணத்திலேயே பெரிதாக நினைக்கிறேன். ஆண் குழந்தைக்கு எட்டாம் நாள் விருத்தசேதனம் செய்வார்கள். அப்போது குழந்தையைச் சுற்றியிருந்த துணியை அம்மா துவைத்து, நீளவாட்டில் கிழித்து, துண்டுகளை ஒன்றோடொன்று தைத்து மூன்று மீட்டருக்குப் பக்கமாக ஒரு நாடா ஆக்குவாள். அதில் பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி, பிறகு ஒரு வாழ்த்து: தோராவுக்கும், திருமணப் பந்தலுக்கும், நற்செயல்களுக்கும் இவன் வளரட்டும். குழந்தை நடக்கத் தொடங்கியதும் சினகாக்குக்குக் கூட்டிப்போய் அதைக் கொடுப்பார்கள். அன்றிலிருந்து அது சுருளைக் கட்டும் நாடா. ஜெர்மன் நாட்டு யூதர்களிடம் தொடங்கிய வழக்கம், விம்பெல் என்று பெயர், இங்கேயும் பரவியது.

தங்கமும் வெல்வெட்டும் தொழில் தெரிந்தவர்கள் செய்தவை. நாடாக்கள் வீட்டுப் பெண்கள் கையால் ஆனவை. சாதாரண லினன், கலர் பட்டு நூல், சங்கிலித் தையல், காம்புத் தையல். ஒன்றில் எழுத்துக்கு நடுவே ஒரு மீன், ஒரு பந்தல், பந்தலுக்குள் கைகோத்த ஆணும் பெண்ணும். முதல் எழுத்துகள் பெரிதாகவும் அடர்த்தியாகவும் இருக்க, கடைசிப் பக்கம் போகப் போக நெருக்கி நெருக்கித் தைத்திருந்தாள். துணி போதவில்லை, வாழ்த்தில் ஒரு சொல்லையும் விட மனசில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பெண்ணோடு பேச வேண்டும் போல இருந்தது.

சாயங்காலம் மகளைப் பேருந்து ஏற்றிவிட்டேன், திங்கள் அவளுக்கு வேலை. இனி நான் தனி. விடுதியில் இருந்த பெண் நான் கேட்காமலேயே இஞ்சித் தேநீர் போட்டுக் கொடுத்தாள்.

நவம்பர் 7, திங்கள். பிராக்

நேற்று எழுதாமல் விட்டதை இன்று எழுத வேண்டும். இத்தனை துணியும் எப்படி ஒரே இடத்துக்கு வந்தது?

இந்த அருங்காட்சியகம் 1906இல் தொடங்கியது. பிராகில் இடித்த சினகாக்குகளின் பொருள்களைக் காப்பாற்றத்தான் சாலமோன் ஹூகோ லீபென் அதைத் தொடங்கினார், அப்போது சிறிய சேகரிப்பு. 1942இல் நாஜி ஆட்சியில், பொஹீமியாவிலும் மொராவியாவிலும் மக்களை அள்ளிக்கொண்டுபோன ஊர்களின் சினகாக் பொருள்கள் பிராகுக்கு அனுப்பப்பட்டன. 153 ஊர்ச் சபைகள். வண்டி வண்டியாகத் திரை, அங்கி, நாடா, வெள்ளி, புத்தகம். அவற்றைப் பிரித்து, அளந்து, ஒவ்வொன்றுக்கும் விவர அட்டை எழுதியது யூத அறிஞர்களும் பணியாளர்களும்தான். தங்களை முகாமுக்கு ஏற்றிப்போகும் வண்டி எந்த நாள் வரும் என்று தெரியாமல், ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பொருள்களுக்கு அட்டை எழுதினார்கள். "வெல்வெட், சிவப்பு, ஓரம் கிழிந்தது" என்ற அளவில் துணியைக் கவனிக்க அந்த நாட்களில் ஒரு மனிதனுக்கு எப்படி மனசு வந்தது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நூலகரும் வரலாற்றாசிரியருமான டோபியாஸ் யாகோபோவிட்ஸை 1944இல் அவுஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே வேலை செய்த கலை வரலாற்று அறிஞர் ஹானா வொலாவ்கோவா பிழைத்தார், போருக்குப் பின் அருங்காட்சியகத்தை நடத்தினார்.

காலையில் பிங்கஸ் சினகாக். உள்ளே காட்சிப் பொருள் எதுவும் இல்லை. சுவர் முழுக்கப் பெயர், கிட்டத்தட்ட எண்பதாயிரம். பொஹீமியா, மொராவியாவிலிருந்து கொண்டுபோய்க் கொல்லப்பட்ட யூதர்கள். ஊர்ப் பெயர் மஞ்சளில், குடும்பப் பெயர் சிவப்பில், ஆள் பெயர் கறுப்பில், கூடவே பிறந்த தேதியும் கடைசியாகத் தெரிந்த தேதியும். 1950களில் கையால் எழுதியது. பிறகு பல வருஷம் மூடிக்கிடந்து, ஈரத்தில் அழிந்து, 1990களில் திரும்ப எழுதினார்கள். 2002இல் வல்தாவா ஆற்று வெள்ளம் உள்ளே புகுந்தபோது கீழ் வரிசைகளை மறுபடியும் எழுத வேண்டி வந்தது.

பெயரும் பிறந்த தேதியும். நேற்று நாடாவில் பார்த்த அதே இரண்டு விவரம். ஒன்று அம்மா தைத்தது, இன்னொன்று சுவரில் எழுதியது. அந்த நாடாக்களில் சிலவற்றின் சொந்தக்காரர்கள் இந்தச் சுவரில் எங்கேயோ இருக்கத்தான் வேண்டும். நான் தேடவில்லை, நாடாவில் இருந்த எபிரேய எழுத்தும் எனக்குத் தெரியாது. சுவரைத் தொடாமல், பக்கத்தில் நின்று ஒரு ஊரின் வரிசையை மேலிருந்து கீழ் வரை படித்தேன். காவலுக்கு உட்கார்ந்திருந்த வயதான அம்மா ஒன்றும் பேசாமல் எழுந்து தன் நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டார். வேண்டாம் என்று கை காட்டியும் கேட்கவில்லை. மேல் மாடியில் தெரசீன் முகாமில் குழந்தைகள் வரைந்த படங்கள். பாதியோடு இறங்கிவிட்டேன்.

மயானத்தில் 12,000 கல், ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து. 1439இலிருந்து இருக்கிறது. மைசல் கல்லறையில் ஒரு கூழாங்கல் வைத்தேன், பூ வைப்பது அவர்கள் வழக்கமல்ல.

பழைய-புதிய சினகாக் 1270 வாக்கில் கட்டியது. உள்ளே உயரத்தில் சிவப்புக் கொடி ஒன்று, ஆறுமுனை நட்சத்திரத்தின் நடுவே தொப்பி. கொடி பிடிக்கும் உரிமையைப் பேரரசர் நான்காம் சார்லஸ் 1357இல் கொடுத்ததாகச் சொல்கிறார்கள், இப்போதைய வடிவம் 1716ஐச் சேர்ந்தது. எனக்குக் கொடியை விடப் பேழையின் திரைதான் முக்கியம். கண்ணாடிக்குள் இல்லாத, இன்னும் கை படுகிற திரை. விலக்கும் ஓரத்தில் மட்டும் நிறம் மங்கியிருந்தது. இலையுதிர் காலப் புத்தாண்டிலும் பாவமன்னிப்பு நாளிலும் வெள்ளைத் திரை போடுவார்கள், ஆலயம் அழிந்த துக்க நாளில் திரையையே கழற்றிவிடுவார்கள். பெண்கள் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து சிறு இடுக்குகள் வழியாகத்தான் தொழுகையைக் கேட்க முடியும். அந்த இடுக்கில் கண் வைத்துப் பார்த்தேன், திரை தெரியவில்லை. தைத்தவர்களில் எத்தனை பேர் தங்கள் கைவேலையைத் தொங்கவிட்ட நிலையில் நன்றாகப் பார்த்திருப்பார்கள்?

ஸ்பானிய சினகாக்குக்குப் போனபோது கால் கெஞ்சியது. 1868ஆம் வருஷக் கட்டடம், சுவரும் கூரையும் பொன்னாகப் பூ வேலை. போர்க்காலத்தில் பறித்த பொருள்களை அடுக்கிவைத்த கிடங்கு இது. 1960இல் சினகாக் துணிகளுக்கென்றே இங்கே ஒரு நிரந்தரக் காட்சி திறந்தார்கள், பின்னால் மூடிவிட்டார்கள். 1964இல் 1,564 தோரா சுருள்கள் விலைக்குப் போய் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் சினகாக் சேர்ந்தன. கட்டியிருந்த நாடாக்களில் சிலவும் அவற்றோடு போயின. அங்கிகளும் திரைகளும் பெரும்பாலும் இங்கேயே தங்கின. சுருள் ஒரு நாட்டில், அதன் உடை இன்னொரு நாட்டில். இது எனக்கு ஆறவில்லை. 1994இல்தான் அருங்காட்சியகம் அரசிடமிருந்து யூதச் சமூகத்தின் கைக்குத் திரும்பியது.

நவம்பர் 8, செவ்வாய். த்ரெபீச்

துணி வந்த ஊர்களில் ஒன்றையாவது பார்க்க நினைத்து மொராவியா போனேன். முதல் பேருந்து தாமதம், யிஹ்லவாவில் இணைப்புப் பேருந்து கிளம்பிப் போயிருந்தது. பனிமூட்டத்தில் ஒரு மணி நேரம். ரொட்டிக்கடைக்காரப் பெண் என்னை உள்ளே உட்காரச் சொல்லி, பேருந்து வரும்போது ஜன்னலைத் தட்டிக் காட்டினாள்.

ஆற்றுக்கும் குன்றுக்கும் நடுவே நெருக்கியடித்த யூதர் தெருக்கள், அப்படியே நிற்கின்றன. 2003இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். பின்புறச் சினகாக் என்று பெயர் கொண்ட 1669ஆம் வருஷக் கட்டடம் பல காலம் கிடங்காக இருந்து மீண்டது. சுவரில் திரை இல்லாத குறையைத் தீர்க்கிற மாதிரி எபிரேயப் பிரார்த்தனைகளும் பூக்கொடிகளும் வரைந்திருக்கிறார்கள், 18ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில். இன்று அங்கே தொழ ஆளில்லை. பார்வையாளர் நான் ஒருத்திதான். சீட்டு கொடுத்த இளைஞன் எனக்காக எல்லா விளக்கையும் போட்டான்.

மதியம் ஷூலெத் சாப்பிட்டேன். பட்டாணியும் பார்லியும் வெகுநேரம் வெந்து குழைந்தது, மேலே பூண்டும் வதக்கிய வெங்காயமும். சபாத் அன்று அடுப்பு மூட்டக் கூடாது என்பதால் வெள்ளிக்கிழமையே ஏற்றி ராத்திரி முழுக்க வேகவிடும் யூதச் சமையல், செக் வீடுகளுக்கும் பரவிவிட்டது. 140 கொருனா. ஊறுகாய் மட்டும் இருந்திருந்தால் போதும்.

நவம்பர் 9, புதன். லிபெரெட்ஸ்

பிராகிலிருந்து வடக்கே பேருந்தில் ஒரு மணி நேரம். மலையடிவாரம், குளிர் இன்னும் கூடுதல். கம்பளித் துணி ஆலைகளால் வளர்ந்த ஊர் இது, யூத ஆலை முதலாளிகளும் வியாபாரிகளும் நிறைய இருந்தார்கள். 1889இல் பெரிய சினகாக் கட்டினார்கள். 1938 நவம்பர் 10இல் அதைக் கொளுத்திவிட்டார்கள்.

நாளை அந்தத் தேதி. அதனால்தான் வந்தேன். மியூனிக் ஒப்பந்தத்தில் இந்த எல்லைப் பகுதி 1938 அக்டோபரிலேயே ஜெர்மனியோடு சேர்ந்துவிட்டது. அடுத்த மாதமே இங்குள்ள சினகாக்குகள் எரிந்தன. பிராகுக்குப் பொருள் அனுப்பிய 153 ஊர்களில் இந்தப் பக்கத்து ஊர்கள் இல்லை. பிராகில் மூன்று கண்ணாடிக்கு முன் நின்று வியந்தேனே, அதே போன்ற திரையும் அங்கியும் நாடாவும் இங்கேயும் இருந்திருக்கும். துணி நெய்கிற ஊரில் நல்லதாகவே இருந்திருக்கும். அவற்றுக்கு அட்டை எழுதக்கூட யாருக்கும் வாய்ப்பில்லை.

எரிந்த இடம் வெகுகாலம் வண்டி நிறுத்துமிடமாகக் கிடந்தது. 2000த்தில் அங்கே பெரிய நூலகமும், அதோடு ஒட்டி முக்கோண வடிவில் சிறிய சினகாக்கும் எழுந்தன. நூலகத்துக்குள் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். ஹீட்டருக்குப் பக்கத்தில் எனக்கும் இடம் கிடைத்தது, இந்த நாள்வரைக்குமான குறிப்பை அங்கேதான் எழுதினேன்.

சிட்டாவ் வழியாக டிரெஸ்டனுக்கு ரயில். நடுவில் கொஞ்ச தூரம் போலந்து மண்ணில் ஓடுகிறது, போனில் வரவேற்புச் செய்தி மாறி மாறி வந்தது. எதிரே இருந்த முதியவர் தன் பையிலிருந்து ஆப்பிளை எடுத்து, கத்தியால் நறுக்கி, பாதியை எனக்கு நீட்டினார். மகள் நிலையத்துக்கு வந்து நின்றாள்.

நவம்பர் 10, வியாழன். டிரெஸ்டன்

இங்கேயும் அதே கதை. கோட்ஃபிரீட் செம்பர் கட்டிய 1840ஆம் வருஷச் சினகாக் 1938 நவம்பர் 9 இரவு எரிந்தது. கூரை நட்சத்திரம் ஒன்றை ஒரு தீயணைப்பு வீரர் எடுத்து ஒளித்து வைத்ததால் அது மட்டும் பிழைத்தது. 2001 நவம்பர் 9இல் அதே இடத்தில் புதியது திறந்தார்கள். வெளியே பார்த்தால் ஜன்னலில்லாத கல் சதுரம், மேலே போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி நிற்கும். மகள் விடுப்பு எடுத்துக்கொண்டு வழிகாட்டியோடு கூட்டிப்போனாள்.

உள்ளே நுழைந்ததும் நின்றுவிட்டேன். கூரையிலிருந்து தரைவரை நாலு பக்கமும் தங்க நிறத்தில் ஒரு திரை, தொழும் இடத்தை முழுதாகச் சூழ்ந்து தொங்குகிறது. கிட்டப் போனால் நூல் இல்லை, பித்தளை வளையத்தில் வளையம் கோத்த வலை. பாலைவனத்தில் அவர்கள் முன்னோர் வைத்திருந்த கூடாரக் கோயிலின் நினைவாம். அந்தக் கூடாரத்துக்கு நீலம், ஊதா, சிவப்பு நூலில் திரை செய்யச் சொன்ன விவரம் யாத்திராகமத்தில் இருக்கிறது. பூத்தையல் செய்தவர் பெயரும் இருக்கிறது, அகோலியாப். தையல்காரர் பெயரை வேதத்திலேயே எழுதி வைத்த மக்கள்.

உலோகமாக இருந்தாலும் நான் அதைத் துணி என்றுதான் சொல்வேன். மடிப்பு விழுகிறது, கனத்தில் தொங்குகிறது, ஆள் நடந்தால் லேசாக அசைகிறது. வழிகாட்டியிடம் கேட்டுவிட்டுப் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது.

வெளியே வந்து எல்பே கரையோரமாக நடந்தோம். பூசணி சூப் ஆறு யூரோ, பிராகை விட விலைதான். லண்டனுக்குப் போன நாடாக்களையும் பார்க்கணுமா என்று மகள் கேட்டாள். அதற்குத் தனி விசா எடுக்க வேண்டும், அலைச்சல், செலவு. பார்க்கணும் என்றேன். வீட்டுக்கு வந்ததும் விண்ணப்பப் படிவத்தைத் திறந்து வைத்திருக்கிறாள்.